நாட்டுக் கத்தரியில் விதைத் தேர்வு: செடியைப் பார்க்காமல் வரிசையைப் பார்த்து எடுக்கும் முறை

ஐந்தாறு வருடத்துக்கு முன் எங்கள் தோட்டத்தில் ஒரு கத்தரிச் செடி நின்றது. ஆலங்குளத்துக்குத் தெற்கே, செவல் மண். மற்ற செடிகள் முழங்கால் உயரம் என்றால் அது இடுப்பு உயரம். கொத்துக்கு நாலு காய், பால்வெள்ளையில், முட்டை முட்டையாக. வருகிறவர் போகிறவர் எல்லாம் அதன் பக்கத்தில்தான் நின்றார்கள். "அண்ணாச்சி, இதுல ரெண்டு காயை விதைக்கு விட்டுருங்க" என்று சொல்லாத ஆள் இல்லை. விட்டேன். அடுத்த பட்டத்தில் அந்த விதையிலிருந்து இருநூறு நாற்று நட்டேன். வந்ததெல்லாம் பழைய முழங்கால் செடிதான்.

காரணம் பிறகுதான் விளங்கியது. முந்தின கோடையில் எருக்குவியல் கிடந்த இடத்தில் அந்தச் செடி நின்றிருக்கிறது. நான் விதைக்கு எடுத்தது செடியின் குணத்தை அல்ல, எருவின் குணத்தை.

டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் யோகான்சன் என்பவர் 1903இல் பீன்ஸ் விதையை வைத்து இதையே காட்டியிருக்கிறார். ஒரே செடியின் வழிவந்த விதைகளில் பெரியதைத் தனியாக, சிறியதைத் தனியாக விதைத்துப் பார்த்தார். இரண்டிலிருந்தும் வந்த விதைகளின் சராசரி எடை ஒன்றாகவே இருந்தது. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது உண்மை, ஆனால் அது மண்ணும் தண்ணீரும் கொடுத்தது. விதைக்குள் ஏறவில்லை. கலந்து கிடக்கும் விதையிலோ கதை வேறு. அங்கே ஒவ்வொரு செடியும் தன் வம்சத்தை வேறு வேறாகக் கொண்டிருக்கும், தேர்ந்தெடுத்தால் பலன் உண்டு.

அதனால் விதை தேர்வில் வேலை என்பது ஒன்றே ஒன்றுதான்: மண் கொடுத்த வித்தியாசத்தையும் விதை கொடுத்த வித்தியாசத்தையும் பிரித்துக் காண்பது. கீழே சொல்லப்போகும் எல்லாம், கட்டம் பிரிப்பது, உறை மாட்டுவது, வரிசை போடுவது, எல்லாமே அதற்காகத்தான்.

ஏன் கத்தரி, ஏன் காலிபிளவர் இல்லை

கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு நண்பர் கேட்டார்: "காலிபிளவருக்குத்தானே நல்ல விலை, அதுல விதை எடுத்தா என்ன?" நியாயமான கேள்வி. காலிபிளவர் இந்தியாவுக்கு வந்த கதையே ஒரு தேர்வுக் கதைதான். 1822இல் இங்கிலாந்திலிருந்து ஜெம்சன் என்பவர் கொண்டுவந்து சகாரன்பூர்த் தோட்டத்தில் போட்டார். குளிர் நாட்டுப் பயிர். வட இந்தியச் சமவெளி விவசாயிகள் அங்கங்கே வெயிலையும் ஈரத்தையும் தாங்கிப் பூக்கட்டிய செடிகளிலிருந்து விதை எடுத்து எடுத்தே, இந்தியக் காலிபிளவர் என்று ஒரு தனி வகையை உண்டாக்கிவிட்டார்கள். பூசா கத்கி, பூசா தீபாலி, பூசா மேக்னா போன்ற முன்பட்ட ரகங்கள் அந்த வழியில் வந்தவை. 20 முதல் 27 டிகிரி வெப்பத்திலும் பூக்கட்டும். ஸ்னோபால் வகைக்கு 10 முதல் 16 டிகிரி வேண்டும். நம் மார்கழிக் குளிரே அதற்குப் போதாது.

ஆனால் விதை எடுப்பதில் காலிபிளவர் பெரிய வம்புக்காரப் பயிர். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே ஒரு நல்ல செடியை வைத்துக்கொண்டு விதைக்குக் காத்திருந்தால் காய் பிடிப்பது அபூர்வம். பக்கத்தில் முட்டைக்கோஸோ நூக்கலோ பூத்து நின்றால் தேனீ அதைக் கொண்டுவந்து இதில் போட்டுவிடும். மூன்றும் ஒரே இனம். ஸ்னோபால் விதை இமாச்சலத்தின் குலு பள்ளத்தாக்கு போன்ற மலைப்பக்கத்தில்தான் விளைகிறது, அந்தக் குளிருக்காக.

காலிபிளவரில் ரசிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. 1970இல் கனடாவில் ஒரு வயலில், வெள்ளைக்கு நடுவே ஆரஞ்சு நிறப் பூவோடு ஒரு செடி தானாக முளைத்திருந்தது. ஒரே மரபணுவில் நேர்ந்த மாற்றம். பீட்டா கரோட்டின் நிறைந்த நம் பூசா பீட்டா கேசரி 1 ரகத்தில் இருப்பது அதே மரபணு. யாரோ ஒருவர் அதைக் களையென்று பிடுங்கி எறியாமல் விட்டதால் வந்தது.

கத்தரி அப்படி நம்மை அலைக்கழிக்காது. நம் நாட்டுப் பயிர். பூவில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருக்கும், தன் மகரந்தத்தை ஏற்கும், ஒரு காயில் நூற்றுக்கணக்கில் விதை. விதைப்பதற்கும் விதை எடுப்பதற்கும் நடுவே ஆறேழு மாதம் போதும். கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான செடி இல்லை.

விதை எங்கே தேடுவது

ஹைபிரிட் பாக்கெட்டிலிருந்து தொடங்காதீர்கள். அதன் காயில் எடுத்த விதையைப் போட்டால் தகப்பன் ஒரு பக்கம், தாத்தா ஒரு பக்கமாகச் சிதறும். சிதறுவதே வேண்டும் என்று தெரிந்து செய்பவருக்கு அது சரி. முதல் தடவைக்கு வேண்டாம்.

பழைய ஆட்கள் வீட்டுப் பின்புறத்தில் வைத்திருக்கும் நாட்டு விதைதான் சரியான தொடக்கம். தமிழ்நாட்டின் பேர்பெற்ற கத்தரி ரகங்கள் பலவும் அப்படி வந்தவையே. கள்ளம்பட்டிக் கத்தரியிலிருந்து மதுரை எம்.டி.யு. 1, நாக்பூர்க் கத்தரியிலிருந்து பாலூர் பி.எல்.ஆர். 1, புழுதிக் கத்தரியில் செயற்கையாக மாற்றம் உண்டாக்கி எடுத்தது பெரியகுளம் பி.கே.எம். 1. நம் பங்குக்கு, வல்லநாட்டுப் பக்கம் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி கொடுத்தது கே.கே.எம். 1. பால்வெள்ளை, முட்டை வடிவம், கொத்துக்கு 2 முதல் 4 காய், 130 – 135 நாளில் ஹெக்டேருக்கு 37 டன் என்பது அதன் கணக்கு. இந்தக் கே.கே.எம். 1ஐ ஒரு பொட்டலம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோல் வேண்டும் அல்லவா, அதற்கு.

நாட்டு விதை கேட்டு வாங்கும்போது ஒரே வீட்டில் வாங்காமல் நாலைந்து வீட்டில் வாங்குங்கள். ஒரு காயின் விதையை மட்டும் வாங்கினால் ஒரு தாயின் பிள்ளைகள்தான் கிடைப்பார்கள். எவ்வளவுக்கு எவ்வளவு வேறுபாடு உள்ளே இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் நாம் பொறுக்கி எடுக்க முடியும்.

என்ன குணம் வேண்டும் என்று முதலில் எழுதிவையுங்கள்

மூன்று குணத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள். பத்தில் ஒரு செடிக்கு ஒரு குணம் இருக்கிறது என்றால் மூன்று குணமும் சேர்ந்த செடி ஆயிரத்தில் ஒன்று. நம்மிடம் இருப்பதோ நானூறு செடி.

எல்லாக் குணமும் ஒரே மாதிரி பிள்ளைக்கு இறங்குவதில்லை. காயின் நிறம், வடிவம், தனிக்காயா கொத்தா, காம்பில் முள் உண்டா இல்லையா, இவையெல்லாம் பெரும்பாலும் விதையின் பேச்சைக் கேட்பவை. ஒரே ஒரு செடியைப் பார்த்தே ஓரளவு நம்பலாம். காயின் எடையும் பரவாயில்லை. மகசூல்தான் ஏமாற்றுக்காரன். அதில் உரம், தண்ணீர், நட்ட நாள், பக்கத்துச் செடி செத்ததால் கிடைத்த வெளிச்சம் எல்லாம் கலந்திருக்கும். தனிச்செடியின் மகசூலை நம்பி விதை எடுத்தால் என் எருக்குவியல் கதைதான்.

இன்னொரு சிக்கல்: சில குணங்கள் ஒன்றை ஒன்று இழுக்கும். காய் எண்ணிக்கை கூடினால் காய் எடை குறைவதுதான் பொதுவான போக்கு. இரண்டும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்காமல், விற்கும் இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பாவூர்சத்திரம் சந்தையில் கேரளா போகிற லாரிக்கு என்றால் வதங்காமல் பயணம் தாங்கும் காய் வேண்டும். உள்ளூர் உழவர் சந்தை என்றால் அன்று பறித்த இளசான சின்னக் காய்க்குத்தான் கை நீளும்.

சமையல் குணத்தை ஆராய்ச்சிக்காரர்கள் கடைசியில் வைப்பார்கள், நான் முதலிலேயே வைப்பேன். எங்கள் ஆச்சியிடம் இருந்தது இரண்டு சோதனை. காயை நறுக்கித் தட்டில் வைத்துவிட்டு முருங்கைக்கீரை ஆயப் போவாள். திரும்பி வரும்போது கறுத்துப் போயிருந்தால் அந்தக் காய் அவளுக்கு ஆகாது. நறுக்கிய இடத்தில் காற்று படப்பட, காயில் உள்ள பீனால் பொருட்கள் கறுக்கின்றன; இது ரகத்துக்கு ரகம் வேறுபடும், கடிகாரம் வைத்து அளக்கக்கூடிய குணம். இரண்டாவது, கூட்டாஞ்சோற்றில் வெந்தபின் காய் உருத்தெரிய நிற்கிறதா, கரைந்து போகிறதா என்பது. வாயில் வைத்ததும் "காறுதுலே" என்று அவள் சொல்லிவிட்டால் அந்தச் செடிக்கு மறுவாழ்வு கிடையாது.

நடவு: நாலு சென்டில் நானூறு செடி

கத்தரிக்கு இங்கே மார்கழி–தையும் வைகாசி–ஆனியும் நல்ல பட்டம். தேர்வுக்கு நான் மார்கழிப் பட்டத்தையே சொல்வேன், விதைக்காய் பழுக்கும்போது ஐப்பசி மழை குறுக்கே வராது. ஒரு கிராமில் இருநூறுக்கு மேல் விதை இருக்கும், ஆகவே நாலைந்து கிராம் தாராளம். குழித்தட்டில் போட்டு 30 – 35 நாளில் எடுத்து நடுங்கள். 2 அடிக்கு 2 அடி என்றால் நானூறு செடிக்கு நாலு சென்ட் போதும்.

இதில் கவனிக்க வேண்டியது இடம். எருக்குவியல் கிடந்த இடம், மடைவாய், மரநிழல், வரப்போரம், மாடு கட்டிய இடம் எதுவும் உள்ளே வரக்கூடாது. ஓரத்தில் சுற்றிலும் ஒரு வரிசை கத்தரியை நட்டு அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஓரச்செடிக்கு எப்போதும் வெளிச்சமும் இடமும் கூடுதல். நாற்றில் நெட்டை குட்டையைப் பார்த்து நல்லதை ஒரு பக்கமும் சவலையை ஒரு பக்கமும் நடுகிற பழக்கம் நம் கைக்கு உண்டு. அதைச் செய்தால் அங்கேயே ஆட்டம் கலைந்துவிடும்.

நட்டபின் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். இருபது செடிக்கு ஒரு கட்டம், மொத்தம் இருபது கட்டம். நாலு மூலையிலும் குச்சி நட்டுச் சணல் கட்டினால் போதும். இப்போது முழு நிலத்திலும் சிறந்த இருபது செடியைத் தேடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சிறந்த ஒன்றைத் தேடுங்கள். ஒரு கட்டத்துக்குள் மண் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குள் ஒரு செடி மற்ற பத்தொன்பதையும் மிஞ்சினால் அந்த மிச்சத்தில் விதையின் பங்கு கூடுதலாக இருக்கும். காசு செலவில்லாத உத்தி, இருந்தும் செய்கிறவர்கள் குறைவு. ஏனென்றால் வளமான மூலையில் பத்து அழகான செடி நிற்கும்போது, வறண்ட மூலையில் சுமாரான ஒன்றை எடுக்க மனசு வராது.

பூவுக்கு உறை

கத்தரி தன் மகரந்தத்தை ஏற்றாலும் வண்டும் தேனீயும் வேற்று மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். ஓரிரு சதவீதமாகவும் இருக்கலாம், தேனீ நிறைந்த இடத்தில் நாற்பது வரைக்கும் போகலாம். விவசாயிக்கு விற்கும் சான்று விதைக்கு மற்ற ரகத்திலிருந்து 100 மீட்டர், அதற்கு மூலமான ஆதார விதைக்கு 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது அதனால்தான். நாலு சென்டில் நானூறு விதமான செடியை வைத்திருக்கும் நமக்குத் தூரம் உதவாது. உறைதான் வழி.

பூவை உற்றுப் பாருங்கள். நடுவே மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பு போல நிற்கும். அவற்றின் நுனியில் துளை விழுந்து மகரந்தம் உதிரும். சில பூக்களில் பச்சைச் சூல்முடி, அதாவது பெண்பாகத்தின் நுனி, அந்தக் கூம்புக்கு மேலே தலை நீட்டியிருக்கும், சிலவற்றில் சமமாக இருக்கும். காய் பிடிப்பது இந்த இரண்டிலும்தான். சூல்தண்டு குட்டையாகி உள்ளே அமுங்கிக் கிடக்கும் பூவுக்கு உறை போடுவது வீண், அது உதிர்ந்துவிடும்.

நாளைக்கு விரியப் போகிற மொட்டை இன்று மாலையே பிடிக்க வேண்டும். பருத்து, நிறம் வெளியே தெரிந்து, இன்னும் வாய் திறக்காத மொட்டு. சின்ன வலைத்துணிப் பையை மாட்டி, கழுத்தில் நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் சின்ன வலைப்பை இதற்குச் சரியாக இருக்கிறது. காலையில் பூ விரிந்ததும் பையோடு சேர்த்து விரலால் மெல்லச் சுண்டிவிட்டால் மகரந்தம் உள்ளேயே உதிரும். ஆறேழு நாளில் பிஞ்சு தெரிந்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் வண்ண நூல் கட்டுங்கள். இந்த நூல் இல்லாவிட்டால் பறிக்க வருகிறவர்கள் உங்கள் வருடத்தையே குழம்புக்குப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் நடந்தது. மைனியைக் குறை சொல்ல முடியாது, நூல் கட்டாதது நான்.

ஒரு நுணுக்கம். உறை போடும் நேரத்தில் எந்தச் செடி சிறந்தது என்று முடிவாகத் தெரியாது, தெரிகிற நேரத்தில் நல்ல பூக்கள் முடிந்திருக்கும். அதனால் கட்டத்துக்கு இரண்டு மூன்று செடியில் உறை போட்டு வையுங்கள். நாலைந்து பறிப்பு முடிந்தபின் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பறித்துச் சந்தைக்கு அனுப்பலாம். செடிக்கு இரண்டு விதைக்காய் போதும். அதற்கு மேல் விட்டால் செடி புதுப்பூ வைப்பதைக் குறைத்துக்கொள்ளும், ஒப்பீடும் கெடும்.

விதை எடுப்பது

பூவிலிருந்து 50 – 55 நாள் ஆக வேண்டும். வெள்ளைக்காய் நன்றாக மஞ்சள் பூக்கும், ஊதாக்காய் பழுப்பு மஞ்சளாகும். பறித்து மூன்று நாள் நிழலில் வைத்தபின் நறுக்கி, தண்ணீரில் பிசைந்தால் முற்றிய விதை அடியில் தங்கும். பொக்கும் சதையும் மிதக்கும். வடிகட்டி, நிழலில் பரப்பி உலர்த்துங்கள். உச்சிவெயிலில் சிமெண்டுத் தரையில் காயப்போட்டு முளைப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு செடியின் விதையும் தனித்தனிக் காகித உறையில். இங்கே சேர்த்துக் கொட்டிவிட்டால் அதுவரை செய்ததெல்லாம் போச்சு.

வரிசை போடுவது: உண்மையான தேர்வு இங்கேதான்

இருபது தாய்ச்செடி, இருபது உறை விதை. அடுத்த பட்டத்தில் ஒவ்வொரு தாய்க்கும் ஒரு குடும்பமாக இருபது செடி நடுங்கள். இருபதையும் ஒரே இடத்தில் நடாமல் பத்தை நிலத்தின் ஒரு பாதியிலும் பத்தை மறுபாதியிலும் நடுங்கள். இரண்டு பாதியிலும் வரிசையின் இடம் மாறியிருக்க வேண்டும். சீட்டுக் குலுக்கி இடம் போடுவது உத்தமம். ஐந்து வரிசைக்கு ஒரு வரிசை கே.கே.எம். 1, அல்லது நீங்கள் தொடங்கிய பழைய கலப்பு விதை. இது அளவுகோல் வரிசை.

இனிமேல் தனிச்செடியைப் பார்க்காதீர்கள். பத்துச் செடியின் காயையும் சேர்த்து எடை போட்டு, வரிசைக்கு ஒரு எண்ணை நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு பறிப்பிலும் எழுத வேண்டும், எட்டு பத்துப் பறிப்பாவது கூட்ட வேண்டும். முதல் இரண்டு பறிப்பில் முந்துகிற வரிசை கடைசியில் பின்தங்குவது சாதாரணம். முன்காய்ப்பு வேறு, மொத்தக் காய்ப்பு வேறு. பக்கத்தில் நிற்கும் அளவுகோல் வரிசையோடு ஒப்பிட்டு, அதை எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

இரண்டு பாதியிலும் முன்னால் நிற்கும் வரிசைதான் நிஜம். ஒரு பாதியில் முதலிடம், மறு பாதியில் கடைசி என்றால் மண் பேசுகிறது என்று அர்த்தம். என் முதல் சுற்றில் ஆறு வரிசை அப்படித்தான் கழிந்தது. தாய்ச்செடியாக நின்றபோது என் கண்ணில் சாதாரணமாகப் பட்ட ஒன்று, வறண்ட கட்டத்திலிருந்து வந்தது, இரண்டு பாதியிலும் அளவுகோலை மிஞ்சியது. கட்டம் பிரிக்காமல் இருந்திருந்தால் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

வரிசைக்குள்ளே எல்லாச் செடியும் ஒரே அச்சாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வரிசை நன்றாக இருந்து செடிகளும் ஒன்றுபோல் இருந்தால் அதன் வம்சம் ஏற்கனவே நிலைத்துவிட்டது. மொத்தமாக விதை எடுக்கலாம். வரிசை நன்றாக இருந்து உள்ளே நிறமும் வடிவமும் சிதறினால், உள்ளிருந்து மறுபடி இரண்டு மூன்று செடிக்கு உறை போட்டு அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோங்கள். மோசமான வரிசையில் ஒரே ஒரு செடி பிரமாதமாக நிற்கும், ஆசை காட்டும். விட்டுவிடுங்கள்.

இரண்டு ரகத்தை இணைக்க ஆசை வந்தால்

இரண்டு மூன்று சுற்றில் கலப்பு விதைக்குள் இருந்த வேறுபாடு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வரிசைக்குள் எவ்வளவு பொறுக்கினாலும் ஏறாது; யோகான்சன் பீன்ஸ் கதை. புது வேறுபாடு வேண்டுமானால் ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொரு ரகத்தின் பூவில் வைத்துக் கலக்க வேண்டும்.

தாயாக வெள்ளைக்காய்ச் செடியையும் தகப்பனாக ஊதாக்காய்ச் செடியையும் வையுங்கள். காரணம் உண்டு. ஊதா ஓங்கு குணம், வெள்ளையோடு சேர்ந்தால் வெளியே தெரிவது அதுதான். பிறக்கும் செடியில் ஊதாச் சாயல் தெரிந்தால் கலப்பு பிடித்தது நிச்சயம். வெள்ளையாகவே காய்த்தால் தாயின் சொந்த மகரந்தம் புகுந்துவிட்டது, பிடுங்கலாம். மாற்றிப் போட்டால் இந்தச் சாட்சி கிடைக்காது.

சாயங்காலம் நாளைய மொட்டைத் தேர்ந்தெடுத்து, ஊசியால் இதழைப் பிரித்து, மகரந்தப்பைகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் கிள்ளி எடுங்கள். பெரும்பாலும் ஐந்து இருக்கும், சிலதில் ஏழெட்டும் உண்டு. ஒன்று விட்டாலும் தப்பு. சூல்முடியில் கீறல் படக்கூடாது. உறை மாட்டிவிட்டு, தகப்பன் பக்கத்து மொட்டுக்கும் ஒரு உறை. மறுநாள் காலை வெயில் ஏறுமுன் தகப்பன் பூவைப் பறித்து, மகரந்தப்பையைப் பிளந்து கட்டைவிரல் நகத்தில் தட்டினால் வெள்ளைத்தூள் விழும். அதைச் சூல்முடியில் தொட்டு வைத்து மறுபடி உறை. பத்துப் பூ தொட்டால் நாலு பிடித்தாலே எனக்குத் திருப்தி.

முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் அண்ணன் தம்பி போல ஒன்றாக இருக்கும், காய்ப்பும் தூக்கலாக இருக்கும். அதைப் பார்த்து மயங்கி அங்கேயே நிற்காதீர்கள். உறை போட்டு விதை எடுத்து இரண்டாம் தலைமுறையை நட்டால்தான் சீட்டுக்கட்டு கலைகிறது. ஊதா, இளஞ்சிவப்பு, பச்சை, வரி, வெள்ளை என்று எல்லாம் வரும். நிறத்தில் பல மரபணுக்கள் கை வைப்பதால் பள்ளிப் புத்தகத்தின் மூன்றுக்கு ஒன்று கணக்கு அப்படியே வராது.

எத்தனை செடி நட வேண்டும்? ஒரே ஒரு ஒடுங்கு குணம், அதாவது முதல் தலைமுறையில் வெளியே தெரியாமல் மறைந்திருக்கும் குணம், வேண்டும் என்றால் இரண்டாம் தலைமுறையில் நாலில் ஒன்று கிடைக்கும். 11 செடி நட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு ஒன்றாவது தட்டுப்படும். இரண்டு ஒடுங்கு குணம் சேர்ந்து வேண்டும் என்றால் பதினாறில் ஒன்று, 47 செடி வேண்டும். மூன்று என்றால் அறுபத்து நாலில் ஒன்று, 191 செடி. மூன்று குணத்துக்கு மேல் வேண்டாம் என்று முன்னால் சொன்னதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

அப்புறம் பொறுமை. தன் மகரந்தத்தில் விதை எடுக்க எடுக்க, கலப்பு ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகும். இரண்டாம் தலைமுறையில் 50 சதவீதம், மூன்றில் 25, நாலில் 12.5, ஐந்தில் 6.25, ஆறில் 3 சொச்சம். ஆறாம் தலைமுறையில் வரிசை நிலைத்துவிட்டது என்று துணியலாம். வருடத்துக்கு இரண்டு பட்டம் என்றால் மூன்று வருடம்.

பூச்சியும் வாடலும்

தண்டு, காய் துளைப்பானை முழுசாகத் தாங்கும் கத்தரி உங்கள் தேர்வில் கிடைத்துவிடும் என்று நம்பாதீர்கள். அப்படிப்பட்ட எதிர்ப்பு பயிர்க் கத்தரிக்குள் இல்லாததால்தான், பாக்டீரியா ஒன்றின் மரபணுவைப் புகுத்திய பி.டி. கத்தரியை உருவாக்கினார்கள்; 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. ஆனாலும் வரிசைக்கு வரிசை சொத்தையில் ஏற்ற இறக்கம் இருக்கும். பறிக்கும்போது சொத்தையைத் தனியாக எண்ணி எழுதுங்கள். மருந்து அடித்தால் எல்லா வரிசைக்கும் ஒரே நாளில், ஒரே அளவில்.

வாடலில் ஏமாறுவது சுலபம். வாடாமல் நின்ற செடி எல்லாம் எதிர்ப்புச் செடி இல்லை. கிருமி அந்தப் பக்கம் போகாமலும் இருந்திருக்கலாம். வாடிய செடியின் தண்டை வெட்டிக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல இறங்கினால் பாக்டீரியா வாடல். வாடல் பரவலாக வந்த நிலத்தில், இரண்டு பாதியிலும் தப்பிய வரிசை என்றால்தான் மதிப்பு. சிற்றிலை நோய் வந்த செடியில் எக்காரணம் கொண்டும் பூவுக்கு உறை போடாதீர்கள். தத்துப்பூச்சி பரப்புகிற நோய் அது, செடியைப் பிடுங்கிப் புதைத்துவிடுவதே நல்லது.

சுண்டைச் செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி வாடலைத் தாங்குகிறதே, அதில் விதை எடுத்தால் என்ன என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேர்தான் சுண்டை. மேலே காய்ப்பது பழைய கத்தரி, விதையும் பழைய கத்தரி விதையே. வேரின் தைரியம் விதைக்கு ஏறாது.

நிலைத்த பிறகு

கடைசியில் ஒன்றோ இரண்டோ வரிசை மிஞ்சும். அவற்றை ஒரே செடியிலிருந்து பெருக்காமல் வரிசையின் இருபது முப்பது செடியில் விதை எடுத்துக் கலந்து வையுங்கள். இனம் மாறியது கண்ணில் பட்டால் பூக்கும் முன்பே பிடுங்குங்கள். கரிசலில் இருக்கும் ஒருவருக்கும் ஆற்றுப்பாசனத்தில் இருக்கும் ஒருவருக்கும் கொஞ்சம் கொடுத்து நடச் சொல்லுங்கள். என் வரிசை கோவில்பட்டிக் கரிசலில் சுமாராகத்தான் காய்த்தது, சேரன்மகாதேவிப் பக்கம் நன்றாக வந்தது. செவலுக்கும் ஆற்றுமண்ணுக்கும் ஆன விதை என்று இப்போது சொல்லியே கொடுக்கிறேன்.

விதையை வைத்துக்கொள்ளவும் மாற்றிக்கொள்ளவும் வணிகப் பெயர் போடாமல் விற்கவும் விவசாயிக்கு 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. விவசாயி உருவாக்கிய ரகத்தை அவர் பெயரிலேயே பதிவு செய்யவும் அதில் வழி உண்டு.

நன்றாக உலர்ந்த விதையைக் காற்றுப் புகாத புட்டியில் அடையுங்கள். உள்ளே ஒரு துண்டுக் காகிதம்: வரிசை எண், தாய்ச்செடி நின்ற கட்டம், எடுத்த மாதம், வருடம். பென்சிலால் எழுதுங்கள். நான் ஒரு தடவை ஸ்கெட்ச் பேனாவில் எழுதி வைத்தேன். ஐப்பசி அடைமழையில் அலமாரி ஓதம் கண்டு எழுத்தெல்லாம் கரைந்து, பதினொன்றாம் வரிசை எது, பதினேழாம் வரிசை எது என்று தெரிந்துகொள்ள இரண்டையும் மறுபடி நட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று.